அஞ்சு ரூபாய் பாக்கெட்டின் முன்பக்கம்

திருப்பூரில் தைத்து ஜெர்மனிக்குக் கப்பலேறும் குழந்தைச் சட்டை ஒன்றின் பக்கத் தையலை உட்புறமாகப் புரட்டினால் வாஷ் கேர் லேபிள் தொங்கும். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று ஐந்து படங்கள். தொட்டிக்குள் 40 என்று இருந்தால் 40 டிகிரி வெந்நீருக்கு மேல் போகக்கூடாது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி விழுந்திருந்தால் பிளீச் கூடாது. ஐஎஸ்ஓ 3758 தரத்தைப் பின்பற்றும் ஊர்களில் எல்லாம் இதே படங்கள்தாம். அந்த லேபிளை வைத்துத் தைப்பவர் ஒடிசாவிலிருந்து வந்தவராக இருக்கலாம். பக்கத்தில் உதவிக்குக் கைமடியாக நிற்பவர் தாராபுரத்துக்காரராக இருக்கலாம். துவைக்கப்போகிறவர் ஹாம்பர்க்கில் இருக்கலாம். மூவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனாலும் சட்டை சரியாகத் துவைக்கப்படுகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான துணி என்றால் ஓகோ-டெக்ஸ் சான்றிதழில் அதற்குத் தனி வகுப்பே உண்டு. பெரியவர்கள் உடைக்கு விதிப்பதைவிடக் கடுமையான ரசாயன வரம்பு.

அதே டெய்லர் சனிக்கிழமை சம்பளத்தோடு வீடு திரும்பும் வழியில் திருப்பூரின் ‘15 வேலம்பாளையம்’ பகுதிப் பெட்டிக்கடையில் பிள்ளைக்கு வாங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டைப் பார்ப்போம். முன்பக்கத்தில் தக்காளி, மசாலா, சிரிக்கும் முகம். பின்பக்கத்தில் நடு ஒட்டுக்கு இந்தப் பக்கம் பார்கோடு, அந்தப் பக்கம் ஊட்டச்சத்து அட்டவணை. பாதி எழுத்து ஒட்டின் மடிப்புக்குள் போயிருக்கும். மிச்சம் இருப்பது ஆங்கிலம். 2020இல் வந்த லேபிள் ஒழுங்குமுறை விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழி சேர்க்கத் தடையில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய குறி ஒன்று வேண்டும் என்ற பேச்சு இந்தியாவில் பத்தாண்டுக்கு மேல் பழையது. பள்ளிகளில் நொறுக்குத்தீனி விற்பதை எதிர்த்து உதய் ஃபவுண்டேஷன் 2010இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதையொட்டி அமைந்த நிபுணர் குழு 2014இல் முன்பக்க லேபிளைப் பரிந்துரைத்தது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, வரம்பு மீறிய சத்துகளைச் சிவப்பில் காட்டும் வரைவு ஒன்றை வெளியிட்டது. தொழில்துறை முணுமுணுத்ததும் அது டாக்டர் சேசிகேரன் தலைமையிலான குழுவின் மறுபரிசீலனைக்குப் போய்விட்டது. 2022 செப்டம்பரில் வந்த வரைவில் சிவப்பு இல்லை, நட்சத்திரம் இருந்தது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை கொடுக்கும் ‘இந்திய ஊட்டச்சத்துத் தரமதிப்பீடு’. அறிவிக்கை வந்த நாளிலிருந்து 48 மாதங்களுக்கு அது நிறுவனங்களின் விருப்பம். இந்த விவகாரத்தில் 3எஸ் அண்ட் அவர் ஹெல்த் சொசைட்டி தொடுத்த பொதுநல வழக்கில் 2025 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தது. வரைவின் மீது 14,000 கருத்துகள் வந்திருப்பதாக அரசுத் தரப்பு சொன்னது. குர்குரே, மேகி என்று பெயர் சொல்லியே நீதிபதிகள் கேட்ட கேள்விகள் பத்திரிகைகளில் வந்தன. ஜூலையில் கெடு மேலும் மூன்று மாதம் நீண்டது.

இந்த நட்சத்திர முறையை எடைபோடுவதுதான் இங்கே நோக்கம். எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் இடம் மேலே சொன்ன பெட்டிக்கடை. காரணம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் திரும்ப இரவு எட்டு, எட்டரை ஆகும். பள்ளி நான்கு மணி வாக்கில் விட்டுவிடும். இடைப்பட்ட நாலு மணி நேரத்தின் பசிக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போன பத்து ரூபாய்தான் பதில் சொல்கிறது. வாங்குவது பெரும்பாலும் பிள்ளையே. ஆக, லேபிளைப் படிக்கவேண்டியவர் எட்டு வயதுக்காரர். தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாவது படிப்பவர், அல்லது வீட்டில் ஒடியாவோ போஜ்புரியோ பேசுபவர். கையில் சில்லறை, பின்னால் இன்னும் நாலு பிள்ளைகள், முடிவெடுக்கச் சில நொடிகள். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்து ஒப்பிடும் நடுத்தர வர்க்கத்து வாடிக்கையாளரை மனத்தில் வைத்து வரைந்த லேபிள் இங்கே தேறுமா?

நட்சத்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது முதலில். அது எல்லாருக்கும் பழக்கமான குறி. ஹோட்டலுக்கும் செல்போன் செயலிக்கும் நட்சத்திரம் பார்த்துப் பழகிவிட்டோம். எழுத்தறிவு தேவையில்லை. ஐஐஎம் அகமதாபாத் 20,000 பேருக்கு மேல் கேட்டு நடத்திய ஆய்வு அதையே பரிந்துரைத்தது. இவை பொய்யல்ல. ஆனால் மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆறு மாநிலங்களில் 2,800 பேருக்கு மேல் நேரில் சந்தித்து, வெவ்வேறு லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகளைக் காட்டிக் கேட்ட சோதனை ஒன்று 2022இல் வெளிவந்தது. கெடுதலான சத்து மிகுந்த பாக்கெட்டைச் சரியாக அடையாளம் கண்டவர்கள், எந்தச் சத்து மிகுதி என்று நேராகச் சொல்லும் எச்சரிக்கைக் குறி இருந்தபோது ஏறத்தாழ 61 விழுக்காடு. நட்சத்திரம் இருந்தபோது 45. லேபிளே இல்லாதபோது 39. பத்தாண்டு விவாதித்து, குழு மேல் குழு போட்டு எட்டிய நட்சத்திரத்தால் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு ஆறு பேர். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது, எச்சரிக்கைக் குறியை ஆதரிப்பவர்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை: வாங்கப்போகிறீர்களா என்று கேட்டபோது எந்த லேபிளும் பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. அடையாளம் காண்பது வேறு, கையை இழுத்துக்கொள்வது வேறு.

நட்சத்திரம் ஏன் தடுமாறுகிறது? அது கூட்டிக் கழித்துத் தரும் மதிப்பெண். சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி ஆகியவற்றுக்குக் கெட்ட புள்ளி. புரதம், நார்ச்சத்து, பழம், பருப்பு, சிறுதானியத்துக்கு நல்ல புள்ளி. ஒன்று மற்றொன்றைக் கழிக்கும். கொஞ்சம் கம்பு மாவு, கொஞ்சம் கடலைப் புரதம் சேர்த்தால் உப்பு அப்படியே இருக்கையில் நட்சத்திரம் ஏறும். பிள்ளையின் ரத்த அழுத்தத்துக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியாது. உப்பு உப்பாகவே உடம்பில் சேரும்.

ஆஸ்திரேலியாவில் 2014 முதல் நட்சத்திர முறை நடப்பில் இருக்கிறது. அங்கே மைலோ மாவு டப்பாவில் நான்கரை நட்சத்திரம் மின்னியது. மாவை மட்டும் கணக்கிட்டால் ஒன்றரைதான் தேறும். கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடித்தால் என்று வைத்துப் போட்ட கணக்கில் நான்கரை. விமர்சனம் வலுத்தபின் 2018இல் நெஸ்லே அதை எடுத்துவிட்டது. ஹார்லிக்ஸும் பூஸ்டும் போர்ன்விட்டாவும் பால் காய்ச்சும் வேளையில் அடுக்களையில் நிற்கும் தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது. போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரை பற்றி 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போட்ட வீடியோவுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் முதல் பதிலாக வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே பானத்தின் சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரலில், ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களைக் காட்டக்கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. எந்த நட்சத்திரமும் செய்யாத வேலையை ஒரு எண்ணை வெளியே எடுத்துக் காட்டிய வீடியோ செய்தது. நிறுவனங்கள் பயப்படுவது சராசரிக்கு அல்ல. ஒற்றை எண் உடைத்து வெளியே தெரிவதற்குத்தான்.

விருப்பம் என்ற பிரச்சினை தனி. பத்தாண்டு கடந்தும் ஆஸ்திரேலியாவில் நட்சத்திரம் ஒட்டத்தகுந்த பொருள்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் ஒட்டியிருந்தன. ஒட்டியவை பெரும்பாலும் நல்ல மதிப்பெண் வாங்கியவை. அரை நட்சத்திரம் வாங்கியவர் எதற்கு ஒட்டுவார்? நம்முடைய 48 மாத விருப்பக் காலத்தில் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விடும்.

இதற்கு மாற்றாக எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூலையில் ஒப்புதல் தந்த இன்னொரு யோசனை உண்டு: சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு ஆகியவை அன்றாடத் தேவையில் எத்தனை விழுக்காடு என்பதைத் தடித்த பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த விழுக்காடு யாருடைய தேவையை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று விதியைப் புரட்டினால் சங்கடம் தெரியும். 2,000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 5 கிராம் உப்பு: ஒரு சராசரிப் பெரியவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவை 1,360 கலோரி. அதே பத்து விழுக்காட்டு விதியை வைத்தால் அந்தப் பிள்ளைக்கான சர்க்கரை வரம்பு 34 கிராம். பத்து ரூபாய்க்கு விற்கும் 200 மில்லி குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 11 கிராம் வீதம் 22 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் 44 விழுக்காடு என்று சொல்லும். குடிக்கும் பிள்ளைக்கு அது 65. உலக சுகாதார நிறுவனம் ஐந்து விழுக்காட்டுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரே பாட்டிலில் நாள் வரம்பு தாண்டிப் போகிறது. பாட்டில் முகப்பில் கிரிக்கெட் வீரர் படம், அளவுகோல் அப்பாவுக்கானது, குடிப்பது மகன். இந்தத் தவறான எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகும் குழந்தைச் சட்டைக்குத் தனி வகுப்பு வைத்தவர்களுக்கு எட்டியது நம் உணவு விதிக்கு எட்டவில்லை.

அப்படியானால் எச்சரிக்கைக் குறி. சிலியில் 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம் கறுப்பு எண்கோணத்தைக் கட்டாயமாக்கியது. சர்க்கரை வரம்பு மீறினால் ஒன்று, உப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, கலோரிக்கு ஒன்று. நான்கும் மீறினால் நான்கு. கழித்தல் கிடையாது. குறி விழுந்த பொருளைப் பள்ளிக்குள் விற்கமுடியாது, கார்ட்டூன் பொம்மை போட்டு விற்கமுடியாது. குறி விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, குறியிலிருந்து தப்ப நிறுவனங்களே செய்முறையை மாற்றியதுதான். வரம்பு மீறிய பொருள்களின் பங்கு சட்டத்துக்கு முன் 51 விழுக்காடு, ஓராண்டுக்குள் 44. பெட்டிக்கடையில் நிற்கும் பிள்ளை லேபிளைப் பார்க்காவிட்டாலும் பாக்கெட்டுக்குள் இருப்பது மாறியிருக்கும். வாங்குபவரின் மனத்தை லேபிள் மாற்றுகிறதா என்று மட்டும் அளக்கும் சோதனைகள் இந்தப் பாதியைத் தவறவிடுகின்றன.

சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைப் போட்டுக் குறியிலிருந்து தப்பும் தந்திரமும் சிலியில் நடந்தது. 2020இல் சட்டம் கொண்டுவந்த மெக்சிகோ அதைக் கவனித்து, ‘இனிப்பூட்டி உள்ளது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று தனிக் கட்டம் வைத்தது. நம் விதியில் இதற்கு இணையான ஒன்று ஏற்கெனவே உண்டு. 20 ரூபாய் எனர்ஜி ட்ரிங்க் பாட்டிலில் காஃபின் மிகுதி என்றும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்றும் அச்சிட்டாக வேண்டும். அச்சிடுகிறார்கள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். பள்ளி விட்டதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைகளைத் திருப்பூரில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். கடைக்காரர் அண்ணனிடம் “இதைப் பசங்களுக்குக் குடுக்கலாமுங்களா?” என்று கேட்டால் “எல்லாரும்தானுங்க வாங்கறாங்க” என்பார். அவர் படித்ததில்லை, படிக்கும்படி அது எழுதப்படவும் இல்லை.

ஓஆர்எஸ் விவகாரமும் இதே ரகம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கரைசலின் பெயரை முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுச் சர்க்கரைப் பானம் விற்றார்கள். 2022இல், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல’ என்ற பொறுப்புத் துறப்பு வாசகத்தோடு விற்கலாம் என்று ஆணையம் அனுமதித்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பின் 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. முன்பக்கத்தில் பெரிதாகச் சொன்னதைப் பின்பக்கத்தில் பொடியாக மறுத்தால் எது நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இலங்கையை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து அங்கே குளிர்பானத்தில் சர்க்கரைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் கட்டாயம். 2019இலிருந்து திட உணவுக்கும் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றுக்கும் நிறம். யாழ்ப்பாணத்துக் கடையில் நிற்கும் பிள்ளை, நிறத்தைப் பார்த்தே சோடாவைத் தரம் பிரிக்கலாம். பானத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனெனில் கேள்வி ஒன்றுதான். சிப்ஸ் பாக்கெட்டில் சர்க்கரைக்குப் பச்சை, உப்புக்குச் சிவப்பு, கொழுப்புக்கு மஞ்சள் என்று வந்தால் பச்சையை மட்டும் பார்த்து மனம் சமாதானமாகிவிடும்.

தமிழில் அச்சிடவேண்டும் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். பாக்கெட்டில் தமிழ் இல்லாதது அவமதிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருப்பூரில் அது மட்டும் போதாது. நல்லூரிலும் பெருமாநல்லூர் சாலையிலும் ஒரே காம்பவுண்டு வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. சிலியின் எண்கோணத்துக்குள் இருப்பது ஸ்பானிஷ் வாசகம். அங்கே ஒரே மொழி, அவர்களுக்குச் சரி. இங்கே அந்த எண்கோணத்தை அப்படியே இறக்குமதி செய்தால் உள்ளே ஆங்கிலமோ இந்தியோதான் வரும், கறுப்புக் கட்டத்துக்குள் இன்னொரு புரியாத சொல். இஸ்ரேல் 2020இல் கொண்டுவந்த சிவப்பு வட்டம் இந்த இடத்தில் நமக்கு நெருக்கம்: சர்க்கரைக்குக் கரண்டி, உப்புக்கு உப்புக்குப்பி என்று படமே பேசுகிறது. படக்குறி இந்தியாவில் எடுபடாது என்று யாரும் சொல்லமுடியாது. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி இருபது ஆண்டுக்கு மேலாக எல்லாச் சைவப் பாக்கெட்டிலும் இருக்கிறது. எழுத்தறியாத பாட்டிகூட அதைப் பார்த்துத்தான் பிஸ்கட் வாங்குகிறார். அதை யாரும் விருப்பம்போல் போட்டுக்கொள்ளுங்கள் என்று விடவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டைத் தள்ளிவிடமுடியாது. ஒன்று, ஊறுகாயும் அப்பளமும் முறுக்கும் 100 கிராம் கணக்கில் எல்லாமே வரம்பு மீறும். நம் சாப்பாட்டையே குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்பது. ஊறுகாயை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை, சரி. அதற்குத் தொட்டுக்கொள்ளும் பொருள்களுக்கு விலக்குக் கொடுக்கலாம், முறுக்குக்குக் கொடுக்கவேண்டியதில்லை. பாக்கெட் முறுக்கு பாமாயிலில் பொரித்ததென்றால் அது பாட்டி காலத்துப் பலகாரம் என்பதற்காகக் கொழுப்பு குறைந்துவிடாது. மற்றது சிறு உற்பத்தியாளர் பிரச்சினை. பல்லடம், அவிநாசி பக்கம் பத்துப் பேரை வைத்து மிக்சர் போடுபவருக்குப் புதிய அச்சு செலவுதான். இந்த வாதம் நட்சத்திரத்துக்கு எதிராகவே அதிகம் திரும்புகிறது. நட்சத்திரம் போடப் பழம், பருப்பு, சிறுதானியம் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு வேண்டும். அது செய்பவருக்கு மட்டுமே தெரியும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் நின்று சரிபார்க்க வழியில்லை. எச்சரிக்கைக் குறிக்கு வேண்டிய எண்கள் பின்பக்க அட்டவணையிலேயே இருக்கின்றன. வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பதைக் கடைக்காரர்கூடப் பார்த்துவிடலாம். கறுப்பு ஸ்டிக்கர் ஒன்று போதும்.

ஊட்டக்குறைவு நாட்டில் கலோரிக்கு எச்சரிக்கையா என்றும் கேட்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை, பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் பத்தில் நான்கு பேர் அதிக எடை. இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. சிப்ஸ் பாக்கெட் ரத்தசோகைக்கு மருந்தல்ல. பசியை அடைத்து, இரவுச் சோற்றையும் கீரையையும் ஒதுக்க வைக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: 2022இன் நட்சத்திர வரைவைத் திருத்துவதில் பயனில்லை, கைவிடவேண்டும். அதன் இடத்தில் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனிப் படக்குறி, முதல் நாளிலிருந்து கட்டாயம், பிள்ளைகள் வாங்கும் பொருள்களுக்குப் பிள்ளைகளின் தேவையை வைத்துப் போட்ட வரம்பு, செயற்கை இனிப்புக்கும் காஃபினுக்கும் தனிக் குறி. இன்னொரு ஓட்டையையும் அடைத்தாகவேண்டும். மேற்பரப்பு 100 சதுர செ.மீ.க்கு மிகாத பாக்கெட்டுக்கு ஊட்டச்சத்து விவரமும் சேர்மானப் பட்டியலும் தேவையில்லை என்று இப்போதைய விதி விலக்குத் தருகிறது. ஏழு செ.மீ. சதுர உறை ஒன்றுக்கு முன்னும் பின்னும் சேர்த்து 98 சதுர செ.மீ. ஒரு ரூபாய் ஜெல்லி, இரண்டு ரூபாய் சாக்லேட், புளிப்பு மிட்டாய் எல்லாம் இந்த வாசல் வழியே அந்த விவரங்கள் இல்லாமல் வெளியேறுகின்றன. பிள்ளைகளே காசு கொடுத்து வாங்கும் சரக்கு எதுவோ அதற்கே விலக்கு. அட்டவணை போட இடமில்லை என்பது நிஜம்தான். ஒரு கரண்டிப் படம் போட இரண்டு சதுர செ.மீ. போதும்.

இவ்வளவும் நடந்தாலும் லேபிள் எட்டாத பரப்பு திருப்பூரில் பெரிது. பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பப்ஸுக்கும் க்ரீம் பன்னுக்கும் உறையே கிடையாது. சாயங்காலம் தள்ளுவண்டிச் சட்டியில் கொதிக்கும் காளானுக்கு எந்தக் குறியை எங்கே ஒட்டுவது? பெரிய உணவகச் சங்கிலிகள்தாம் கலோரி எழுதவேண்டும் என்று விதி சொல்கிறது. சாலையோரத்தவரை அது தொடாது. இங்கே லேபிள் விதியைவிட, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு விற்கக்கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதி அதிகம் பயன்படும். அதை அமல்படுத்துவது மாநில உணவுப் பாதுகாப்புத் துறை. 2024 பிப்ரவரியில் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயை நிறுத்த அந்தத் துறைக்குச் சில நாள்களே பிடித்தன. 50 மீட்டர் விதி வந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எந்தப் பொருள் ‘மிகுந்தது’ என்று பள்ளி வாசலில் நின்று அலுவலர் எப்படிச் சொல்வார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அது கிடக்கிறது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் குறி வந்துவிட்டால் சிலியைப்போல இங்கேயும் அவர் குறியைப் பார்த்தே எடுத்துவிடச் சொல்லலாம். காளான் வண்டிக்கு அதன் பிறகும் அவர் தன் மூக்கைத்தான் நம்பவேண்டியிருக்கும்.